அடிப்படையில் நான் அந்தப் பக்கத்து ஆள்

வாசலில் நிற்பவர்களை உங்களுக்குத் தெரியும். உள்ளே வரவும் மாட்டார்கள், வெளியே போகவும் மாட்டார்கள். மின்விசிறிக் காற்றும் வேண்டும், வெளிக்காற்றும் வேண்டும். யாராவது "உள்ள வாங்க" என்றால் "இல்ல, இதோ கிளம்பிட்டேன்" என்பார்கள், "சரி, கிளம்புங்க" என்றால் "உள்ள ஒரு சின்ன வேலை இருக்கு" என்பார்கள். இந்த இனத்தில் மெத்தப் படித்த கிளை ஒன்று உண்டு. இன்றைக்கு அந்தக் கிளையைத்தான் உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன்.

அதைப் பார்க்க நீங்கள் ரொம்ப அலைய வேண்டாம். ஊடகத் தொடர்பியலையும் கணினியியலையும் ஒரே முதுகலைப் பட்டமாகச் சேர்த்துக் கட்டித் தரும் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றுக்கு வந்தால் போதும். நான் படித்த இடத்தில் இரண்டு துறைக்கும் நடுவே ஒரு நீண்ட நடைக்கூடம் இருந்தது. இடது பக்கம் ஊடகக்காரர்கள்: பஞ்சு ஒட்டிய சுவர்களுள்ள ஒலிப்பதிவு அறை, கால் உடைந்த கேமரா ஸ்டாண்டு, ஓயாத பேச்சு. வலது பக்கம் கணினிக்காரர்கள்: எலும்பு வரைக்கும் குளிரும் ஆய்வகம், "உணவு, பானம் கூடாது" என்ற பலகை, பலகைக்குக் கீழேயே காலி பிஸ்கட் உறைகள், மூச்சுச் சத்தத்துக்கு மேல் எந்தச் சத்தமும் கிடையாது. நடுவில், சுவரோரமாக, ஒரு காப்பி இயந்திரம். அந்த இயந்திரத்தின் மேல் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டிருப்பார் இல்லையா?

அவர்தான்.

நாங்கள் அவரைப் பாலம் அண்ணன் என்று கூப்பிட்டோம். முதல் நாள் ஊடகப் பக்கத்து வகுப்பில் எல்லோரும் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, மற்றவர்கள் ஊர், வேலை, பழைய படிப்பு என்று அரை நிமிடத்தில் முடித்துக்கொள்ள, இவர் மட்டும் பலகைக்குப் போய் இரண்டு வட்டங்களை ஒன்றோடொன்று கொஞ்சம் ஏறிக்கொள்கிற மாதிரி வரைந்தார். இந்த வட்டம் ஊடகம், அந்த வட்டம் கணினி. இரண்டும் ஏறிக்கொண்ட சின்ன இடத்தைச் சாக்பீஸால் நிதானமாக, அழுத்தி, தூள் உதிர உதிர நிரப்பினார். "நான் இங்க இருக்கேன். ரெண்டுக்கும் ஒரு பாலம் மாதிரி" என்றார். பின் வரிசையில் யாரோ "பாலம் அண்ணே, உக்காருங்க" என்றார்கள். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதை அன்று சாயங்காலமே தன் மின்னஞ்சலில் கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும். "அடிப்படையில நான் அந்தப் பக்கத்து ஆளு." ஊடகக்காரர்கள் கட்டுரை எழுதக் கூப்பிட்டால், "நான் எழுதுவேன்தான், ஆனா அடிப்படையில நான் கம்ப்யூட்டர் பக்கத்து ஆளு பாருங்க" என்பார். கணினிக்காரர்கள் நிரல் எழுதக் கூப்பிட்டால், "லாஜிக் எல்லாம் மனசுல இருக்கு, ஆனா அடிப்படையில நான் மீடியா ஆளாச்சே" என்பார். எந்தப் பக்கம் நின்றாலும் அவர் வேலை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். நம்மில் பலருக்கு ஒரு வேலையிலிருந்து தப்பிக்கவே நாக்குத் தள்ளிப்போகிறது. இவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு தொழில்களிலிருந்து தப்பித்தார்.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அத்தைக்குப் பிரிண்டர் ஓடவில்லை. "கம்ப்யூட்டர்தானே படிக்கறே, கொஞ்சம் பாருடா" என்றாராம்.

"அத்தை, அது கணினிக்காரங்க வேலை. நான் மீடியா."

மாமா தன் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கச் சொன்னார்.

"மாமா, அது மீடியாக்காரங்க வேலை. நான் கம்ப்யூட்டர்."

"அப்ப ரெண்டு வருஷமா என்னதான்டா படிக்கறே?"

"ரெண்டையும் மாமா."

(மூன்று வருஷம். இரண்டு வருஷப் படிப்பில் மூன்றாவது வருஷம்; முதல் வருஷ வகுப்பில் எங்களோடும் மறுபடி உட்கார்ந்தார். அதையும் அவர் "ரெண்டு பக்கத்தையும் ஆழமா பாக்கணும்ல" என்று விளக்கிவிடுவார்.)

இப்படிப்பட்டவர் எப்படித் தேர்ச்சி பெறுகிறார் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். எனக்கும் வந்தது, ரொம்ப நாள் கழித்துத்தான் விடை புரிந்தது. இந்தப் படிப்பில் ஊடகப் பாடங்களுக்குக் கட்டுரையும் கொடுக்கலாம், சின்னதாக ஒரு செயலியும் செய்து கொடுக்கலாம். கணினிப் பாடங்களுக்கு நிரலும் கொடுக்கலாம், பத்துப் பக்கம் எழுதியும் கொடுக்கலாம். பரந்த மனதோடு செய்த ஏற்பாடு. பாலம் அண்ணன் என்ன செய்வார்? ஊடக மேடத்துக்குச் செயலி கொடுப்பார். அதில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் நிறம் மாறும். மேடம் எவ்வளவோ படித்தவர், ஆனால் திரையில் எது மின்னினாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்துவிடும். தனக்குத் தெரியாததைக் குறை சொல்லக்கூடாது என்று எண்பது போடுவார். கணினிப் பேராசிரியருக்குக் கட்டுரை கொடுப்பார். அந்த மனிதருக்கு நான்கு வரிக்கு மேல் வாக்கியம் நீண்டாலே தலை சுற்றும். இது ஏதோ ஆழமான விஷயம் போலிருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை என்று அவரும் எண்பது போடுவார். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது கிடையாது. நடைக்கூடம் நீளம்.

இந்த வகை மனிதர் தனியாக உலவுகிற வரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை. காப்பி இயந்திரத்தில் எந்தப் பொத்தான் சரியாக வேலை செய்யும் என்று சொல்லித் தருவார், உங்கள் ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டு "சூப்பர், இதுல பெரிய சாத்தியம் இருக்கு" என்பார், மனசுக்கு இதமாக இருக்கும். கஷ்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கடைசிப் பருவத்தில் கூட்டுத் திட்டம் என்று ஒன்று வரும்போது. அதில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. குழுவுக்கு ஒரே மதிப்பெண். ஒருவர் ஒன்றும் செய்யவில்லை என்று தெரியவந்தால் குழு முழுவதும் அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும்.

எங்கள் குழுவில் நான்கு பேர். முதலில் அறிவிப்பாளர் அக்கா. வானொலியில் எட்டு வருஷமாகக் காலைப் போக்குவரத்துச் செய்தி வாசித்தவர். "மணிக்கூண்டு வழியே செல்வோர் மாற்றுப் பாதையைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அவர் சொன்னால், மணிக்கூண்டு பக்கமே போகாதவர்களும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இரண்டாவது கண்ணாடி. கணினிப் பக்கத்துப் பையன், என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவன், கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் மோதுவான், ஒரு நாளைக்குப் பதினைந்து வார்த்தைக்கு மேல் பேசினால் களைத்துவிடுவான். மூன்றாவது நான், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவை மூடிவிட்டுப் படிக்க வந்த புகைப்படக்காரன். நான்காவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அக்கா முதல் கூட்டத்திலேயே தன் நிலைமையைச் சொல்லிவிட்டார். வானொலி நிலையத்தில் அடுத்த வருஷத்திலிருந்து போக்குவரத்துச் செய்தியை ஓர் இயந்திரக் குரல் வாசிக்கப்போகிறது. இந்தப் பட்டத்தை முடித்துக்கொண்டு போனால் நேயர்களுக்கான புதுப் பிரிவை அவரிடம் கொடுப்பார்கள். முடிக்காமல் போனால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். படிப்பு விடுமுறை இந்தப் பருவத்தோடு சரி.

"எனக்கு ரெண்டாவது தடவைங்கறது கிடையாது தம்பிகளா. இந்தத் தடவை முடிஞ்சாகணும். பொண்ணு நாலாவது படிக்கறா, வீட்டுக்காரர் ஒத்தைச் சம்பளத்துல ஒண்ணரை வருஷமா சமாளிக்கறார்" என்றார்.

கண்ணாடி அன்று ஆய்வகத்தை விட்டு வரவில்லை. நானும் பாலம் அண்ணனும் தலையாட்டினோம். அவர் என்னைவிட அதிகமாக ஆட்டினார்.

திட்டம் நல்ல திட்டம். நகரத்தில் நாற்பது பேருந்து நிறுத்தங்கள். அங்கே காத்து நிற்பவர்கள் ஒரு நிமிடம் மனம்விட்டுப் பேச, அக்கா அதைப் பதிவு செய்வார். கண்ணாடி ஒரு வரைபடம் செய்வான். திரையில் எந்த நிறுத்தத்தைத் தொடுகிறீர்களோ அந்த நிறுத்தத்துக் குரல்கள் கேட்கும். நான் ஒவ்வொரு நிறுத்தத்தையும் படம் எடுக்க வேண்டும். பாலம் அண்ணன் இணைக்க வேண்டும்.

இணைப்பதற்காக அவர் முதலில் செய்த காரியம் எங்களைப் பிரித்தது. கைப்பேசியில் இரண்டு குழுக்கள் தொடங்கினார். ஒன்று "மீடியா அணி": அக்கா, நான், அவர். இன்னொன்று "டெக் அணி": கண்ணாடி, அவர்.

"எதுக்கு ரெண்டு? நாலு பேர்தானே இருக்கோம்?" என்று அக்கா கேட்டார்.

"அக்கா, அவங்க பாஷை வேற, நம்ம பாஷை வேற. நேரா பேசினா குழப்பமாயிடும். எதுவா இருந்தாலும் என் வழியா வாங்க. நான் சொல்லிக்கறேன்."

அக்கா ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு வாரம் நிறுத்தம் நிறுத்தமாக நின்றார். வெயில், மழை, புகை, "எந்த சேனல் மேடம்?" என்ற கேள்வி, எல்லாவற்றையும் தாங்கினார். இருநூற்றுப் பதினான்கு குரல்கள் சேர்ந்தன. அவற்றைக் கோப்புகளாக்கும்போது மீடியா அணியில் கேட்டார்: "ஃபைலுக்கெல்லாம் எப்படிப் பேர் வைக்கறதுன்னு அந்தப் பக்கம் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

பதில் பத்தே நிமிடத்தில் வந்தது. "கேட்டுட்டேன் அக்கா. உங்களுக்கு எது வசதியோ அதையே வைங்க. மிஷின் பாத்துக்கும்."

அக்காவுக்கு வசதியானது மனிதர்கள். "குடையை மறந்த டீச்சர்", "மூச்சு வாங்குபவர்", "இரண்டாவது மூச்சு வாங்குபவர்", "மருமகளைத் திட்டும் அம்மா", "கடைசி வரை பேசாமல் சிரித்தவர்" என்று வைத்துக்கொண்டு போனார்.

அதே வாரம் டெக் அணியில் கண்ணாடி எழுதினான்: "ஃபைல் பேர் நாலு எண். முதல் ரெண்டு நிறுத்தம். அடுத்த ரெண்டு வரிசை. வேற எதுவும் எடுக்காது. சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன்டா தம்பி" என்று பதில்.

இதைப் பொய் என்று சொல்வீர்களானால் பாலம் அண்ணனை நீங்கள் புரிந்துகொள்ளவே இல்லை. சொல்ல வேண்டும் என்று அவர் மனதாரத் தீர்மானித்திருந்தார். அவரைப் பொறுத்தவரை தீர்மானித்துவிட்டாலே முக்கால்வாசி சொன்ன மாதிரி; மீதிக் கால்வாசி எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும், காற்றில் எவ்வளவோ போகிறது. அக்கா பென்டிரைவில் போட்டுக் கொடுத்த இருநூற்றுப் பதினான்கு குரல்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நடமாடினார். கேட்டால், "இணைப்பு நடந்துட்டிருக்கு." சட்டை மாற்றும்போது பென்டிரைவையும் மறக்காமல் மாற்றிக்கொண்டார், அதற்கு நானே சாட்சி. பொறுப்பான மனிதர்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள், காலை பதினொரு மணி. அக்கா காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக அங்கே நிற்கும் முழங்கை அன்று இல்லை; "துறைகளை இணைப்பது எப்படி" என்று எங்கோ ஒரு கருத்தரங்கு, அதற்குப் போயிருந்தது. ஆய்வகத்திலிருந்து கண்ணாடி வந்தான்.

"தம்பி, சர்க்கரை இல்லாம வேணும்னா எந்த பட்டன்?"

கண்ணாடி கையிலிருந்த காலிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டான்.

"மணிக்கூண்டு வழியே செல்வோர்…" என்றான்.

"என்னது?"

"நீங்க… காலைல ஏழே காலுக்கு… அந்த அக்கா."

விஷயம் இதுதான். சோதித்துப் பார்க்கக் குரல் ஏதாவது வேண்டுமே என்று அவன் வானொலி நிலையத்தின் இணையப் பக்கத்திலிருந்து நாற்பது பழைய போக்குவரத்துச் செய்திகளை இறக்கி வைத்திருந்தான். பருவம் முழுவதும் அக்காவின் குரலைத்தான் நாற்பது நிறுத்தங்களிலும் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். இருபது அடி தள்ளி அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் தன் குழுவிலேயே இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. அக்காவுக்கு அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் "அந்தப் பக்கம்" என்ற இரண்டு சொற்கள்தான்.

"உங்க ஒலிப்பதிவு எப்ப வரும்?" என்று கேட்டான் கண்ணாடி.

"மூணு வாரம் ஆச்சே குடுத்து!"

இருவரும் அப்படியே என்னைத் தேடி வந்தார்கள். நான் பாலம் அண்ணனுக்குப் போன் அடித்தேன். அவர் வந்து, கொஞ்சமும் பதறாமல், பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார். கண்ணாடி அதைச் செருகினான். வரைபடம் திறந்தது. நாற்பது புள்ளிகளும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. எதைத் தொட்டாலும் சத்தமில்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் ஓடியது: "மருமகளைத் திட்டும் அம்மா – பெயர் செல்லாது. குடையை மறந்த டீச்சர் – பெயர் செல்லாது." இருநூற்றுப் பதினான்கு முறை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வானொலியில் எட்டு வருஷம் ஒரு தடவை கூடப் பிசகாத குரல் அது, "என் பொண்ணுக்கு நான் என்ன சொல்லுவேன்?" என்றபோது பிசகிவிட்டது.

பாலம் அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் நடுவுல ஒரு பாலம் வேணும்ங்கறது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அக்காவின் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் சுற்றி, கடைசியில் என் பக்கம் திரும்பியது.

"ஏன் தம்பி, நீங்களும் இந்தக் கண்ணாடித் தம்பியும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா அக்கா."

"ஒரே சமையலறைதானே?"

"ஆமா அக்கா."

"பேர் எப்படி வைக்கறதுன்னு நான் கேட்டப்ப நீங்களும் அந்த குரூப்ல இருந்தீங்கல்ல? சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அது… அண்ணன் வேலைன்னு…" என்று இழுத்தேன். இதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் இப்போது எழுதியாகிவிட்டது.

பிறகு நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒவ்வொண்ணா போடுங்க" என்றார். அவன் போட்டான். ஒரு நொடிதான் கேட்பார். "பின்னால தையல் மிஷின் ஓடுது பாருங்க. பதினேழு." அடுத்தது. "இந்த நாய் ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கும். நாலு." அடுத்தது. "இந்த அம்மா மருமகளைத் திட்டறது கோர்ட் ஸ்டாப்ல. முப்பத்தொண்ணு. மருமகள் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா பாவம்." கண்ணாடி எண்ணைத் தட்டிக்கொண்டே போனான். தட்டத் தட்ட ஒவ்வொரு புள்ளியாகப் பச்சை ஆனது. அன்று அவன் பதினைந்து வார்த்தைக்கு மேல் பேசினான், இரண்டு தடவை சிரிக்கவும் செய்தான். ஐந்து பதிவுகள் மட்டும் எந்த நிறுத்தம் என்று அக்காவுக்கே பிடிபடவில்லை. அவற்றை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது.

அவ்வளவு நேரமும் பாலம் அண்ணன் அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்று, "இதுதான், இந்த ஒத்துழைப்பைத்தான் நான் முதல் நாள்லேர்ந்து சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதிப்பீடு. கூட்டுத் திட்டத்துக்கு இரண்டு துறை ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. ஆகவே, அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஊடக மேடமும் கணினிப் பேராசிரியரும் ஒரே மேசையில், நடுவே ஒரு நாற்காலி இடம் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள். இதன் ஆபத்து பாலம் அண்ணனுக்கு உறைக்கவில்லை. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். "நான்தான் பேசப்போறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். முதலில் இரண்டு வட்டங்கள் வரைந்தார்.

வரைபடம் அருமையாக ஓடியது. மேடம் கோர்ட் நிறுத்தத்தைத் தொட்டார், மாமியார் பேசினார், மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் பேராசிரியர் கேட்டார்.

"நல்லாயிருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஒரே நிறுத்தத்தைத் தொட்டா என்ன ஆகும்?"

"சார், அது டெக்னிக்கல் சமாச்சாரம்" என்றார் பாலம் அண்ணன் சிரித்தபடி. "அடிப்படையில நான் மீடியா பக்கத்து ஆளு."

"அப்படியா, நல்லது" என்றார் மேடம் உற்சாகமாக. "அப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பேசினவங்க கிட்ட எப்படி அனுமதி வாங்கினீங்க? எந்தப் பகுதியை வெட்டலாம், எதை வெட்டக்கூடாதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"மேடம், அது வந்து… அடிப்படையில நான் கம்ப்யூ…"

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒரு தடவை கூட நிற்காத வாக்கியம்.

மேடம் மெதுவாகப் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். "இவர் உங்க மாணவர்தானே?"

"இல்லையே. உங்க மாணவர்னு இல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்."

"எனக்கு ஆப் எல்லாம் செஞ்சு குடுப்பாரே!"

"எனக்குக் கட்டுரை குடுப்பார்!"

பாலம் அண்ணன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பேராசிரியர் மதிப்பெண் தாளை மேசையில் வைத்துவிட்டு, பேனாவை மூடினார். விதி எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் எல்லோரும் அடுத்த வருஷம். அக்காவுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் பேராசிரியர் அக்காவைப் பார்த்து. "இந்தக் குழுவுல இவர் என்ன செஞ்சார்?"

அக்கா எழுந்தார். ஒரு விநாடி பாலம் அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வார வெயில் இருந்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வந்தது, காலை ஏழே கால் குரல்.

"எங்கள் இரு தரப்பினரின் தகவல்கள் அனைத்தும் தொடக்கம் முதல் இறுதி வரை இவரிடமே பத்திரமாக இருந்தன. அவற்றில் ஒன்று கூட வெளியே கசியவில்லை. நேற்று முற்பகல் பதினொரு மணிக்கு இரு தரப்பினரும் நேரடியாகச் சந்தித்துக்கொண்டதற்கும் இவரே காரணம்."

ஒரு சொல் பொய் கிடையாது. வேண்டுமானால் மறுபடி படித்துப் பாருங்கள். பேராசிரியர் பேனாவைத் திறந்து "தகவல் பாதுகாப்பு" என்று எழுதினார். மேடம் எட்டிப் பார்த்து, பக்கத்தில் "ஒருங்கிணைப்பு" என்று சேர்த்தார். இருவரும் தங்களுக்குள் முதன்முதலாக ஒத்துப்போன மகிழ்ச்சியில் எண்பத்திரண்டு போட்டார்கள்.

அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. நேயர் பிரிவு கிடைத்தது. மகளோடு வந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணாடியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்து மயங்கி விழப்போனாள். பாலம் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். இரண்டு துறைகளுக்கும் நடுவே இவ்வளவு நாள் பேச்சே இல்லை என்பது அந்த மதிப்பீட்டில்தான் துறைத் தலைமைக்குத் தெரியவந்தது. உடனே ஒரு பதவி உண்டாக்கினார்கள். அதற்குப் பொருத்தமான ஆள் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு அறை வேண்டுமே? நடைக்கூடத்தின் நடுவில் இருந்த காப்பி இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை கட்டிக் கொடுத்தார்கள். இப்போது யாருக்காவது அந்தப் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் அவரிடம் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் அவரை ரொம்பத்தான் கேலி செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது. கெட்டவர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் "சரி, சொல்லிடறேன்" என்று வாங்கிக்கொள்வார். கேட்கிறவருக்கு அந்த நிமிடமே பாரம் இறங்கிவிடும். அது ஒரு சுகம். வாங்கிக்கொள்பவருக்கும் அது சுகம்தான் என்று எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தார். நேயர் பிரிவுக்கு நிரல் எழுதுகிற ஆள் ஒருவர் வேண்டுமாம். கண்ணாடிதான் வேண்டும் என்று மேலே சொல்லிப் போராடி வாங்கியிருக்கிறார்.

"அவன் போனையே எடுக்க மாட்டேங்கறான் தம்பி, மெசேஜும் பாக்கறதில்ல. நீங்க ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பம் வந்தாகணும். அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுடுவாங்க. மறக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நேற்று நான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டேன். இன்று வியாழன், அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான், இதை முடித்த கையோடு எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை உங்களிடம் ஒருவர், வீட்டிலோ வேலையிடத்திலோ, "அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று ஒன்று சொன்னாரே, நீங்களும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினீர்களே, சொல்லிவிட்டீர்களா?